ஃபார்ம்ல பேய் வீடு பாக்கப் போறீங்களா? பசங்களோட போறவங்க ஒரு தடவ படிச்சுட்டுப் போங்க

அக்டோபர் பொறந்தா போதும், ஸ்கூல் வாட்ஸாப் குரூப்ல, ஆபீஸ் லஞ்ச் டேபிள்ல, எங்க பாத்தாலும் ஒரே கேள்விதான், "அந்த ஃபார்ம்ல பேய் வீடு போட்டிருக்காங்களாமே, பசங்கள கூட்டிட்டுப் போலாமா, ராத்திரி தூங்குவாங்களா"ன்னு. நாங்க அமெரிக்கா கிழக்குக் கரைப் பக்கம் வந்து ஏழெட்டு ஹாலோவீன் (அக்டோபர் 31, பசங்க பேய் வேஷம் போட்டு வீடு வீடா மிட்டாய் வாங்குற நாள்) பாத்தாச்சு, அதுல மொத வருஷம் சொதப்புன சொதப்பல் இருக்கே, அது தனிக் கதை, அதுக்கப்புறம்தான் கொஞ்சம் விவரம் வந்துச்சு. அந்த விவரத்தைத்தான் இங்க கொட்டுறேன்.

மொத விஷயம், இத மட்டும் புரிஞ்சுக்கிட்டா பாதி வேலை முடிஞ்சுது. மத்தியானம் 3 மணிக்கு நீங்க பாக்குற ஃபார்மும் ராத்திரி 8 மணிக்கு நீங்க பாக்குற ஃபார்மும் ஒரே ஃபார்ம் இல்ல. பகல்ல பூசணிக்கா, ஆட்டுக்குட்டி, ட்ராக்டர் வண்டி, சிரிக்கிற பேய் பொம்மைன்னு திருவிழா மாதிரி இருக்கும், இருட்டுனதும் அதே கேட்டுக்குள்ள வேற டிக்கெட், வேற ஆளுங்க, ரத்தம் பூசிக்கிட்டு மரத்துக்குப் பின்னாடி நிப்பாங்க. ரெண்டுக்கும் ஒரே வெப்சைட், ஒரே பேரு, அதனால அவசரத்துல தப்பான டிக்கெட்ட அமுக்கிடுவோம். நான் அமுக்குனேன். பையனுக்கு அப்போ 5 வயசு, க்யூல நிக்கும்போதே பொய்க்கால் கட்டிக்கிட்டு ஒருத்தன் பத்தடி உயரத்துல குனிஞ்சு பாத்தான், அவ்வளவுதான், புள்ள என் ஜாக்கெட்டுக்குள்ள தலைய விட்டவன் வெளியவே எடுக்கல.

அதனால டிக்கெட் வாங்குறதுக்கு முன்னாடி வெப்சைட்ல கேள்வி பதில் பக்கம்னு ஒண்ணு இருக்கும், அத முழுசா படிங்க. எத்தன வயசுக்கு மேலன்னு போட்டிருப்பாங்க. "ஃபால் ஃபெஸ்டிவல்", "நாட் ஸோ ஸ்கேரி" இந்த மாதிரி வார்த்தை இருந்தா குட்டிப் பசங்களுக்கு. "ஹாண்டட் ஹேரைடு" (பேய் வர்ற வைக்கோல் வண்டி), "ஹாண்டட் ட்ரெயில்" (பேய் வர்ற நடைபாதை), "டெரர்" அப்படின்னு ஏதாவது இருந்தா கொஞ்சம் யோசிங்க. சில இடத்துல நடுவுல ஒண்ணு இருக்கும், அதான் நம்ம தேடுறது, "லைட்ஸ் ஆன்" நேரம்னு சொல்லுவாங்க, அதே பேய் வீடுதான், ஆனா உள்ள லைட்டு எரியும், நடிக்கிறவங்க குதிச்சு வர மாட்டாங்க, கைய காட்டிட்டு மிட்டாய் குடுப்பாங்க. பெரும்பாலும் சனி ஞாயிறு மத்தியானத்துல வைப்பாங்க. இன்னும் சில இடத்துல கழுத்துல போட்டுக்க ஒளிர்ற மாலை விக்கிறாங்க, அத போட்டிருக்கிற புள்ளைகிட்ட எந்தப் பேயும் வராது. காசு புடுங்குறாங்கன்னு தோணும்தான், ஆனா 6, 7 வயசுப் புள்ளைக்கு அது ஒரு வேப்பிலை மாதிரி, அத தொட்டுப் பாத்துக்கிட்டே தைரியமா நடக்கும்.

"ஃபார்ம்"னு பேர்ல இருக்குறத வச்சு ஏமாந்துடாதீங்க. கலிஃபோர்னியால புயேனா பார்க்ல நாட்ஸ் பெர்ரி ஃபார்ம்னு பெரிய தீம் பார்க் இருக்கு, ஒரு காலத்துல நிஜமாவே பெர்ரித் தோட்டம்தான், அங்க 1973-லேருந்து நடக்குற ஹாலோவீன் ராத்திரிக்கு நாட்ஸ் ஸ்கேரி ஃபார்ம்னு பேரு. அது பெரியவங்களுக்கே குலை நடுங்குற ரகம், 13 வயசுக்குக் கீழ வேண்டாம்னு அவங்களே சொல்றாங்க. பகல்ல பசங்களுக்குன்னு நாட்ஸ் ஸ்பூக்கி ஃபார்ம்னு தனியா வச்சிருக்காங்க. ஸ்கேரியா ஸ்பூக்கியா, ஒரு வார்த்தைதான் வித்தியாசம், கார்ல அழுதுக்கிட்டே வர்ற புள்ளைக்குத்தான் தெரியும் அது எவ்வளவு பெரிய வித்தியாசம்னு.

எந்த நாள் போறது? அக்டோபர் கடைசி ரெண்டு சனிக்கிழமைய விட்டுடுங்க, தேர்த் திருவிழாக் கூட்டம், பார்க்கிங்குக்கே முக்கா மணி நேரம் போயிடும். மாசத்தோட மொத ரெண்டு வாரம், முடிஞ்சா ஞாயித்துக்கிழமை, கூட்டமும் கம்மி, டிக்கெட்டும் சில இடத்துல கம்மி. ஆனா மழை பெஞ்ச அடுத்த நாள் வேண்டாம், வயல்ல பார்க்கிங், சேறுல டயர் சிக்கி ட்ராக்டர் வந்து இழுத்துச்சு எங்க பக்கத்து கார. மழை வந்தா காசு திருப்பித் தருவாங்களா இல்ல வேற நாள் மாத்தித் தருவாங்களான்னும் அப்பவே பாத்துக்கோங்க, நிறைய இடத்துல மாத்தித்தான் தருவாங்க. நியூ ஜெர்சி, பென்சில்வேனியா பக்கம் அக்டோபர் கடைசில சாயங்காலம் 6 மணி வாக்குல சூரியன் இறங்கிடும், மாச ஆரம்பத்துல இன்னும் கொஞ்சம் லேட்டா, கடிகாரத்த ஒரு மணி நேரம் பின்னாடி தள்றது நவம்பர் மொத ஞாயிறுதான், அதனால 3 மணிக்குப் போய் சூரியன் இறங்கி கொஞ்ச நேரத்துல முடிக்கிற மாதிரி திட்டம் போட்டா பகலும் கிடைக்கும், கடைசில கொஞ்சூண்டு இருட்டும் கிடைக்கும். அந்த கொஞ்சூண்டு இருட்டுதான் பசங்களுக்கு த்ரில். தீபாவளி எப்ப வருதுன்னும் காலண்டர்ல ஒரு பார்வை பாத்துடுங்க, 2024-ல அக்டோபர் 31-ஏ தீபாவளி, காலைல எண்ணெய்க் குளியல் சாயங்காலம் மிட்டாய் வேட்டைன்னு நாக்கு தள்ளிருச்சு எங்களுக்கு.

இப்போ புள்ளைய தயார் பண்றது. இதத்தான் நிறைய பேரு விட்டுடுறாங்க, "சர்ப்ரைஸ்"னு சொல்லிக் கூட்டிட்டுப் போறாங்க. தயவுசெஞ்சு வேண்டாம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்னு சும்மாவா சொன்னாங்க, முன்னாடியே தெரிஞ்ச விஷயத்துக்கு அவ்வளவா அரள மாட்டாங்க. ரெண்டு நாள் முன்னாடி உக்காந்து சொல்லுங்க, அங்க வர்றவங்க எல்லாம் காலேஜ் பசங்க, பக்கத்து ஊரு அக்கா அண்ணனுங்க, சம்பளத்துக்கு வேஷம் போடுறவங்க, அவங்க உன்ன தொட மாட்டாங்க, நீயும் அவங்கள தொடக் கூடாது. இந்தத் தொடக் கூடாதுங்குறது குடும்பத்தோட போற இடங்கள்ல பொதுவான ரூல். புகை வர்றது ஒரு மெஷின், சர்க்கரைப் பாகு மாதிரி ஒரு திரவத்த சூடு பண்ணா வர்றது, தீ இல்ல. பளிச் பளிச்னு அடிக்கிறது ஸ்ட்ரோப் லைட்டு. வீட்லயே ஒரு தடவ முகத்துல சிவப்புக் கலர் பூசிக் கண்ணாடில பாக்க விடுங்க, கூட நீங்களும் பூசிக்கோங்க.

அப்புறம் ஒரு ரகசிய வார்த்தை பேசி வச்சுக்கோங்க. எங்க வீட்டு வார்த்தை "தயிர் சாதம்". அவன் தயிர் சாதம்னு சொன்னா எந்தக் கேள்வியும் கேக்காம அந்த நிமிஷமே வெளிய வந்துடணும், "அட இவ்வளவு காசு குடுத்து வந்துட்டு", "பாரு அந்தப் பாப்பாவே பயப்படல" இந்த மாதிரி ஒரு வார்த்த கூட வரக்கூடாது நம்ம வாய்லேருந்து. போன வருஷம் அந்த வார்த்தைய ஒரு தடவ கூட அவன் சொல்லல, கடைசில சொன்னது நான், பசி தாங்கல.

டிரெஸ் விஷயம் சுருக்கமா சொல்லிடுறேன். பழைய ஷூ, மூடுன ஷூ, சேறு ஆனா கவலப்படாத ஷூ, செருப்பு கிட்டயே போகாதீங்க. பகல்ல வெயில் அடிக்குதுன்னு ஏமாந்து டீ ஷர்ட்ல போனா 6 மணிக்கு மேல பல்லு தந்தி அடிக்கும், அதனால ஒண்ணு மேல ஒண்ணா போட்டுவிடுங்க. வேஷம் போட்டுட்டு வரலாமான்னு பாத்துக்கோங்க, பகல்ல பெரும்பாலும் சரிம்பாங்க, ராத்திரி நிறைய இடத்துல முகமூடி, வேஷம் ரெண்டும் கூடாது, யாரு நடிக்கிற ஆளு யாரு டிக்கெட் வாங்குன ஆளுன்னு தெரியாம போயிடும்ல. முகமூடிய விட மூஞ்சில பெயிண்ட் நல்லது, கண்ணு மறைக்காது. ஸ்ட்ரோலர் வைக்கோல் வண்டிலயும் ஏறாது, சோளக் காட்டுலயும் உருளாது, கைக்குழந்தைய நெஞ்சோட கட்டிக்கிற கேரியர்ல வச்சுக்கோங்க. டிக்கெட்ட ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோங்க, காட்டுக்கு நடுவுல சிக்னல் இருக்காது. கார் நிறுத்துன இடத்தயும் ஒரு போட்டோ, எல்லா வரிசையும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

உள்ள போனதும் வரிசை முக்கியம். மொதல்ல டாய்லெட், கூட்டம் சேந்தப்புறம் அந்த ப்ளாஸ்டிக் டாய்லெட் பக்கம் போக முடியாது. அடுத்து ஆடு, கோழி, குட்டிக் குதிரை இருக்குற இடம். இங்க ஒண்ணு கறாரா சொல்றேன், தொட்டு முடிச்சதும் சோப்பு போட்டுத் தண்ணில கை கழுவணும், சானிடைசர் தேய்ச்சா போதும்னு நினைக்காதீங்க, ஈ கோலை மாதிரி கிருமிங்க ஆட்டுச் சாணத்துல இருக்கும், 5 வயசுக்குக் கீழ உள்ள குழந்தைங்களுக்குத்தான் அது அதிகமா படுத்தும். பாட்டில், பொம்மை, திங்கிறது எதுவும் அந்த வேலிக்குள்ள கொண்டு போகாதீங்க.

அப்புறம் சோளக் காட்டுப் பாதை, அதான் கார்ன் மேஸ். இது ரொம்ப பழைய சம்பிரதாயம்னு நெனச்சா இல்ல, இன்னைக்கு நாம பாக்குற மாதிரி பெரிய மக்காச்சோளப் புதிர்ப்பாதை மொதல்ல வந்தது 1993-ல, பென்சில்வேனியால ஆன்வில்ங்குற ஊர்ல, டைனோசர் உருவத்துல வெட்டியிருந்தாங்க. இப்போ இலையுதிர் காலத்துல இது இல்லாத ஃபார்மே இல்லங்குற மாதிரி ஆயிருச்சு. சோளம் ஆளு உயரத்துக்கு மேல நிக்கும், அக்டோபர்ல காஞ்சு காத்தடிச்சா சரசரன்னு ஒரு சத்தம் வரும் பாருங்க, பேயே வேண்டாம் அதுவே போதும். அந்தத் தோகை கைய அறுக்கும், முழுக்கை சட்டை போட்டுக்கோங்க. பெரும்பாலும் ரெண்டு பாதை இருக்கும், குட்டிப் பாதை பத்து நிமிஷம், பெருசு ஒரு மணி நேரம் கூட ஆகும். வாசல்ல இருக்குற மேப்ப போட்டோ எடுத்துக்கிட்டு உள்ள போங்க. சூரியன் எந்தப் பக்கம் இருந்துச்சுன்னு பாத்து வச்சுக்கோங்க. வழி தப்பிட்டா சோளத்த ஒடிச்சுக்கிட்டு குறுக்க போகாதீங்க, உள்ளயே சுத்துற ஸ்டாஃப் இருப்பாங்க, கைய தூக்கிக் குரல் குடுத்தா வருவாங்க. 2011-ல மாசசூசெட்ஸ்ல டேன்வர்ஸ்ங்குற ஊர்ல கைக்குழந்தையோட ஒரு குடும்பம் இருட்டுல வழி தெரியாம அவசர உதவி நம்பர் 911-க்கே போன் பண்ணிட்டாங்க, போலீஸ் நாயோட வந்து தேடுனா அவங்க வெளிய போற இடத்துக்கு கிட்டத்தட்ட 25 அடி தூரத்துலதான் நின்னுருக்காங்க. சிரிக்கலாம், ஆனா உள்ள போய் நின்னு பாருங்க, 25 அடியும் ஒண்ணுதான் 25 மைலும் ஒண்ணுதான். அந்தக் கதிர ஒடிச்சு வீட்டுக்குக் கொண்டு வர்ற ஐடியாவும் வேண்டாம், அது மாட்டுத் தீவனச் சோளம், நம்ம பீச்ல சுட்டுத் திங்கிற ரகம் இல்ல.

இப்போ பேய் வீடு, இல்லன்னா பேய் வண்டி. வைக்கோல் கட்டு மேல உக்காந்து ட்ராக்டர் இழுத்துட்டுப் போற வண்டியா இருந்தா புள்ளைய நடுவுல உக்கார வைங்க, ஓரத்துல உக்காந்தவங்கதான் மாட்டுவாங்க, பேய் ஓரத்துலதான் ஏறும். நடந்து போறதா இருந்தா ஒரு பெரியவர் முன்னாடி, ஒரு பெரியவர் பின்னாடி, பசங்க நடுவுல, புள்ளையோட தோள்ல கை வச்சுக்கிட்டே நடங்க. நாலஞ்சு வருஷம் பாத்ததுல அவங்க டெக்னிக் எனக்குப் புரிஞ்சுபோச்சு. இடது பக்கம் ஒரு பொம்மை தலைய ஆட்டுதுன்னா நீங்க இடது பக்கம் பாக்கணும்னுதான் அது ஆடுது, ஆளு வலது பக்கம் நிக்கிறான். சோளக்கொல்லை பொம்மை வரிசையா பத்து நிக்குதுன்னா அதுல ஒண்ணுக்கு உசுரு இருக்கு, ஷூவ பாருங்க, வைக்கோலுக்குக் கீழ நைக்கி தெரியும். இத பையனுக்கு சொல்லிக் குடுத்தப்புறம் அவன் பயப்படறத விட்டுட்டு ஷூ எண்ண ஆரம்பிச்சுட்டான். இன்னொண்ணு, யாரு ரொம்ப கத்துறாங்களோ அவங்க பின்னாடிதான் வருவாங்க, அதனால கத்துற பெரியம்மா உங்க கூட வந்திருந்தா அவங்கள கொஞ்சம் தள்ளியே நடக்க விடுங்க.

கடைசில ஒண்ணு இருக்கு. அப்பாடா முடிஞ்சுதுன்னு வெளிச்சம் தெரியும், எல்லாரும் சிரிப்பாங்க, அந்த நேரத்துல செயின்சா ஆளு வருவான். பெட்ரோல் வாடையும் காத கிழிக்கிற சத்தமும். பெரும்பாலான ராத்திரி பேய் வீடு இப்படித்தான் முடியும். அந்த ரம்பத்துல செயின கழட்டி வச்சிருப்பாங்க, வெறும் மோட்டார் சத்தம்தான், இத மட்டும் புள்ளைகிட்ட முன்னாடியே சொல்லிடுங்க. காதுல ஹெட்ஃபோன் மாதிரி மாட்டுற சத்தத் தடுப்பான் இருந்தா இன்னும் நல்லது.

வலிப்பு இருக்குறவங்களுக்கு ஸ்ட்ரோப் லைட் ஆகாது, ஆஸ்துமா இருந்தா புகை ஒத்துக்காது, இன்ஹேலர் கையிலயே இருக்கட்டும். கர்ப்பமா இருக்குறவங்க அந்த வண்டில ஏறாதீங்க, இடுப்பு ஒடியுற மாதிரி குலுக்கும். அப்புறம் உள்ள போனதும் வெளிய போற வழி போர்டு எங்க இருக்குன்னு ஒரு பார்வை. 1984-ல நியூ ஜெர்சில ஒரு பெரிய தீம் பார்க்ல பேய்க் கோட்டைக்குள்ள தீப்பிடிச்சு 8 டீனேஜ் பசங்க செத்துட்டாங்க, தண்ணி தெளிக்கிற ஸ்ப்ரிங்க்ளர் கூட கிடையாது அங்க, அதுக்கப்புறம்தான் இந்த மாதிரி இடத்துக்கெல்லாம் தீ விதிமுறைய இறுக்குனாங்க. அதனால இருட்டுல பச்சையாவோ சிவப்பாவோ எக்ஸிட் லைட் எரிஞ்சா "சீ, பேய் ஃபீலே போச்சு"ன்னு சலிச்சுக்காதீங்க. லைட்டர், சிகரெட் எதுவும் உள்ள கூடாது, போன்ல டார்ச் அடிக்கிறதும் கூடாது.

நடுவுல பயந்துட்டா? மொத வருஷம் எங்களுக்கு அதான் ஆச்சு. ரெண்டாவது ரூம்லயே அவன் அரண்டு போய் நின்னுட்டான். கிழிஞ்ச கவுன், வாயெல்லாம் ரத்தம், ஒரு பொண்ணு பக்கத்துல வந்துச்சு, நான் கைய ஆட்டி வேண்டாம்னேன், ஒடனே அது முட்டி போட்டு உக்காந்து வாய்லேருந்து கோரப் பல்ல கழட்டி உள்ளங்கைல வச்சுக் காட்டி, "உன் ஷூல லைட் எரியுதே, சூப்பரா இருக்கு, எங்க வாங்குன"ன்னு சாதாரணக் குரல்ல கேட்டுச்சு. அவன் அழுதுக்கிட்டே கடை பேர சொன்னான். அந்தப் பொண்ணே பக்கவாட்டுக் கதவ தொறந்து வெளிய விட்டுச்சு. கேட்டா போதும், நல்ல இடத்துல வேஷத்த கலைச்சு உதவி பண்ணுவாங்க, தயங்காம கைய தூக்குங்க. மறுநாள் காலைல தோச சாப்பிடும்போது அவன் கேட்ட மொத கேள்வி, அந்த அக்கா பல்லு எங்க வாங்குவாங்க.

சாப்பாட்டுல சைவக்காரங்க கொஞ்சம் உஷாரா இருக்கணும். கார்ன் டாக்னு பேர பாத்து சோளம்னு நினைச்சிடாதீங்க, உள்ள சாசேஜ். சில்லின்னா இங்க மிளகா இல்ல, ஒரு காரக் குழம்பு, அதுல பெரும்பாலும் மாட்டுக்கறி. பீன்ஸ்ல பன்றிக்கறி போட்டிருப்பாங்க, கேட்டுக்கோங்க. நெருப்புல வாட்டித் திங்கிற மார்ஷ்மெல்லோல ஜெலட்டின், அது மிருகத்தோட தோல், எலும்புலேருந்து எடுக்குறது. தைரியமா சாப்பிடலாம்னா சுட்ட சோளம், இனிப்புப் பாப்கார்ன். சைடர் டோனட்டும் நல்லாருக்கும், முட்டை மட்டும் சேராதுன்னா கேட்டுட்டு வாங்குங்க. ஆப்பிள் சைடர்னா இங்க சாராயம் இல்ல, வடிகட்டாத ஆப்பிள் ஜூஸ், ஆனா பாஸ்சரைஸ் பண்ணதான்னு, அதாவது சூடு பண்ணிக் கிருமிய கொன்னதான்னு லேபிள பாத்துட்டு குழந்தைக்குக் குடுங்க, சில ஃபார்ம்ல பச்சையாவே விப்பாங்க, வயசானவங்களுக்கும் கர்ப்பிணிங்களுக்கும் அது வேண்டாம்.

ஊர்லேருந்து அம்மா அப்பா வந்திருந்தா கூட்டிட்டுப் போகலாமான்னா, பகல் டிக்கெட்டுக்கு தாராளமா. உக்கார மடக்கு நாற்காலி, தலைக்கு குல்லா, நடக்குற தூரம் எவ்வளவுன்னு முன்னாடியே பாத்துக்கோங்க. எங்கம்மா வாசல்ல தொங்குன எலும்புக்கூட்ட மேலயும் கீழயும் பாத்துட்டு, "இதுக்கா நாலு பேருக்கு நூறு டாலர் குடுத்த, நம்மூர் புளியமரத்தடில ராத்திரி சும்மாவே நின்னா போதுமேடா"ன்னுச்சு.

கிளம்புறதுக்கு முன்னாடி பூசணிக்கா. எடை போட்டு விப்பாங்க, இல்லன்னா சைஸுக்கு ஒரு விலை. காம்ப புடிச்சுத் தூக்காதீங்க, ஒடஞ்சா அந்த இடத்துலேருந்து அழுக ஆரம்பிக்கும், அடில கை குடுத்துத் தூக்குங்க. வெட்டாம வச்சா ஒரு மாசத்துக்கு மேல தாங்கும், முகம் செதுக்கிட்டா சில நாள்தான், அதனால ஹாலோவீனுக்கு ரெண்டு மூணு நாள் இருக்கும்போது செதுக்குங்க. வீட்டுக்கு வந்ததும் பசங்க காது மடிப்பு, முட்டிக்குப் பின்னாடி, தலைமுடி எல்லாம் உண்ணி இருக்கான்னு தடவிப் பாருங்க, வடகிழக்குப் பக்கம் அக்டோபர்லயும் மான் உண்ணி இருக்கும். செதுக்குற பூசணி சமையலுக்கு ஆகாது, அதுக்கு சின்னதா பை (pie) பூசணின்னு தனியா விப்பாங்க. இத எங்கம்மாகிட்ட சொன்னேன், கேக்கல, அவ்வளவு பெரிய காய வீணாக்குறதான்னு கூட்டு வச்சாங்க. தண்ணி தண்ணியா நார் நாரா இருந்துச்சு, பேசாம எல்லாரும் சாப்பிட்டோம், பையன் மட்டும் ரெண்டு வாய் தின்னுட்டு மெதுவா "தயிர் சாதம்"னான்.